குலுக்கல் சீட்டுக் கணக்கு

மரபணு ஆலோசகர் என்ற பெயர் நம் அரூர்ப் பக்கத்தில் அதிகம் காதில் விழுவதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு 'கொன்செய்யே' என்ற சொல் பழக்கம். ஆலோசனை சொல்பவர் என்று பொருள். பிரான்சில் இத்தொழிலைச் சட்டம் அங்கீகரித்ததே 2004-இல்தான். அமெரிக்கா முந்திக்கொண்டது. மினசோட்டாவைச் சேர்ந்த ஷெல்டன் ரீட் 1947-இல் இந்தப் பெயரை வைத்தார். 1969-இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் இதற்கென்றே படிப்பு தொடங்கியது. ரீடுக்கு முன்பு இத்துறையில் பலர் யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் அது எங்கே போய் முடிந்தது என்பது நம் வயதினருக்குத் தெரியும். ரீட் கேட்டது தீர்ப்பு அல்ல, விளக்கம்.

நம் நாட்டு மலைகளுக்கு இந்த விஷயம் வந்தது 1952-இல். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் செல் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். உருண்டையாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல வளைந்து, சிறு நாளங்களில் அடைத்துக்கொள்ளும். எலும்பைப் பிடுங்குவதுபோல வலி வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் அதைச் சுமப்பவர், நோயாளி அல்ல. பெரும்பாலும் தொந்தரவும் இருக்காது. மலேரியாவின் கொடுமையிலிருந்து அது ஓரளவு காப்பாற்றவும் செய்யும். மலைக்காடுகளில் இது நிலைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

சித்தேரியில் எனக்குத் தெரிந்த ஒருவர், மகளின் பரிசோதனைத் தாளை எடுத்துவந்தார். அரசாங்க வேலையில் இருந்தவன் என்பதால் எந்தக் காகிதமானாலும் என்னிடம்தான் வரும். அது தலசீமியா என்ற இன்னொரு இரத்தக் குறை. ஆனால் கணக்கு அதேதான். 'கேரியர்' என்று எழுதியிருந்தது.

"சார், பொண்ணுக்கு நோவுங்களா? மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?"

நோவு இல்லை என்றேன். மாப்பிள்ளைக்கும் ஒரு பரிசோதனை எடுங்கள், அவருக்கும் இருந்தால் டாக்டரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள் என்றேன். இருவரும் சுமப்பவரானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. உடனே அவர், "அப்போ ஒண்ணுக்கு வந்துட்டா மீதி மூணும் தப்பிச்சிடுங்களா?" என்று கேட்டார். படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். நம் குலுக்கல் சீட்டில் ஒருமுறை விழுந்த பெயரை மறுமாதம் பானையில் போடமாட்டோம். இங்கே நாலு சீட்டையும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் திரும்பப் போட்டுத்தான் குலுக்குவார்கள் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

பரிசோதனை மட்டும் செய்து, விளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 1970-களில் அமெரிக்க மாநிலங்கள் சில கறுப்பின மக்களுக்கு இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கின. சுமப்பவரையும் நோயாளியையும் ஒன்றாகக் குழப்பி, வேலையிலும் காப்பீட்டிலும் கைவிரித்தார்கள். கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோஸில் ஊருக்கே பரிசோதனை நடந்தது. ஆலோசனையும் சொன்னார்கள். அப்படியிருந்தும் சுமப்பவர் என்றால் சம்பந்தம் பேசத் தயங்கினார்கள்; சிலர் மறைத்தார்கள். சுமப்பவர் சுமப்பவரையே மணப்பது மட்டும் குறையவில்லை. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் நமக்கு அந்த ஊர் அந்நியமாகப் படவில்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. ஒவ்வொருவருக்கும் அட்டை. ஜாதகம் பார்ப்பதுபோல அட்டைகளையும் பொருத்திப் பார்க்கலாம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். நாற்பது வருடம் அட்டையும் சான்றிதழும் எழுதிக் கொடுத்தவன் சொல்கிறேன்: அட்டை போகும் வேகத்தில் விளக்கம் போவதில்லை. ஜாதகத்தில் செவ்வாய் என்றதும் பெண்ணைத் தட்டிக்கழிக்கும் ஊர் இது. அட்டையும் அப்படி ஆகிவிட்டால் இழப்பு அந்தப் பெண்ணுக்குத்தான்.

பக்கத்தில் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் மருத்துவப் பணி தொடங்கியபோது, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். மலைப் பேச்சு தெரிந்த அப்படிப்பட்ட பெண்களுக்கு இந்த நாலில் ஒன்று கணக்கையும் சொல்லிக்கொடுத்து, அட்டையோடு வீட்டுக்கு வீடு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் திண்ணைக்கும் அவர்கள்தான் போக வேண்டும், அதுவும் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே.