பந்தயக் கோலம் பூண்ட தீயணைப்பு வண்டிகள்

அமெரிக்க நாட்டில் பழைய மோட்டார் வண்டிகள் அணிவகுக்கும் விழாக்களில், கூரையும் கதவும் இல்லாத நீண்ட சிவப்புக் காரொன்று காண்போரைக் கவர்வதுண்டு. முன்னே மாபெரும் எந்திரம். நடுவே இருவர் மட்டும் அமரத்தக்க தோல் இருக்கைகள். பின்னே உருளை வடிவான பெட்ரோல் தொட்டி. 1910களில் ஓடிய பந்தயக் கார் என்றே பலரும் அதனை எண்ணுவர். ஆயின் இத்தகைய கார்களுட் பல, பிறந்தபோது தீயணைப்பு வண்டிகளே.

இவ்வாறு உருமாறியவற்றுள் பெயர் பெற்றவை, நியூயார்க் மாநிலத்து எல்மைரா நகரில் இயங்கிய அமெரிக்கன் லாபிரான்ஸ் நிறுவனத்தின் வண்டிகளாம். தீயணைப்பில் குதிரையும் நீராவியும் கோலோச்சிய காலத்தில் தோன்றிய அந்நிறுவனம், 1910இல் தன் சொந்த மோட்டார் வண்டியை உருவாக்கியது. 1922 டிசம்பரில் நியூயார்க் நகரின் கடைசிக் குதிரை வண்டியும் ஓய்வு பெற்றது. பன்னிரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது!

மோட்டார் எந்திரத்துக்கு இரு பணிகள் காத்திருந்தன. வண்டியை இழுத்துச் செல்லவேண்டும். சென்ற இடத்தில் நின்றபடியே, தீ அடங்கும் வரை ஓயாது நீரை இறைக்கவும் வேண்டும். இரண்டாவது பணியே கடினமானது. ஆதலின் எந்திரம் பெரிதாயிற்று. நிமிடத்துக்கு 1,000 கேலன் நீர் இறைத்த 12ஆம் வகை வண்டியில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் ஐந்தரை அங்குலம். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 14 லிட்டர். இக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றின் எந்திரம் ஒன்றரை லிட்டரே என்பதை நினைத்தால் அதன் பருமன் விளங்கும். பின்சக்கரங்களை இருபுறச் சங்கிலிகள் சுழற்றின.

அக்காலச் சாதாரணக் கார்கள் தேய்ந்து அழிந்தன. ஊர்த் தீயணைப்பு வண்டியோ கூரையின் கீழ் நின்றது, நாளும் துடைக்கப்பட்டது, ஆண்டு முழுவதும் ஓடிய தொலைவோ மிகச் சிறிது. எனவே முதுமையிலும் அதன் எந்திரம் வலுவோடிருந்தது. இதனைக் கண்டுகொண்டனர் ஆர்வலர். 1911இல் வந்த மெர்சர் ரேஸ்அபவுட், 1912இல் வந்த ஸ்டட்ஸ் பேர்கேட் முதலிய புகழ்பெற்ற விரைவுக் கார்கள் எஞ்சியவை சில. அவற்றின் விலையோ எட்டாக் கனி. தீயணைப்பு வண்டியின் பம்பு, ஏணி, குழாய்ப் பெட்டி ஆகியவற்றைக் களைந்து, அடிச்சட்டத்தைத் தேவைப்படின் குறுக்கி, மேலே புதிய உடலைப் பொருத்தினால் அதே தோற்றம் வாய்த்துவிடும். சங்கிலியின் பற்சக்கரங்களை மாற்றினாற் போதும். மெதுவாய் ஊர்ந்தது விரைந்தோடும். நிறுத்துவது வேறு கதை: பல வண்டிகளில் தடை பின்சக்கரங்களுக்கு மட்டுமே!

இது மீட்பா, அழிவா? உடல் முழுதும் இற்று, எந்திரமும் சட்டமும் மட்டும் எஞ்சிய வண்டியை இவ்வாறு ஓடச் செய்வோரைக் குறை கூற இயலாது. இல்லையேல் அது பழைய இரும்புக் கடைக்கே போயிருக்கும். முழுமையாய் நின்ற வண்டியைப் பிரிப்பதுதான் வருத்தத்துக்குரியது. அதனினும் கேடு, தகட்டில் உள்ள ஆண்டைக் காட்டி, நேற்றுச் செய்த உடலையும் அவ்வாண்டினதாகக் கூறி விற்பது. ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைக் கண்டு பிரித்துக் காட்டும் பதிப்பாசிரியர் பணி இங்கும் தேவைப்படுகிறது. சட்டம் பழையது, எந்திரம் பழையது, உடல் புதிது என வெளிப்படையாய் எழுதிவைக்கும் உரிமையாளரும் உளர். வரலாற்று மாணவர்க்கு அவர்கள் செய்யும் உதவி பெரிது.

அமெரிக்கன் லாபிரான்ஸ் நிறுவனம் 2014இல் மூடப்பட்டது. இனிப் புதிய வண்டி அப்பெயரில் வராத நிலையில், மாற்றப்படாத பழைய வண்டி ஒவ்வொன்றும் ஓர் ஊரின் ஆவணமாகிறது. அக்கால வண்டிகளின் பக்கவாட்டில் ஊர்ப்பெயரைப் பொன்தகட்டால் எழுதுவது வழக்கம். பந்தயக் கோலத்துக்காகப் பிரிக்கும்போது முதலில் கழற்றப்படுவது அந்தப் பலகைதான்.