மரத்தடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

தொழுநோய்க்குச் சரியான மருந்தில்லாத காலத்தில் ஊருக்குத் தெரிந்த ஒரே வழி ஒதுக்கிவைப்பதுதான். வறிய நோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்தது. அந்தப் பயத்தில், பிள்ளையின் உடம்பில் தேமல் தெரிந்தால் பெற்றோர் மூடி மறைத்தார்கள். நரம்பு கெட்டு, விரல் மடங்கிய பிறகே விஷயம் வெளியே வந்தது.

குழந்தைகளைக் கவனிக்காமல் இந்த நோயை அடக்க முடியாது என்று வாதிட்டவர்களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் முக்கியமானவர். செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர் அவர். அன்றைய மருந்து நீரடிமுத்து எண்ணெய். ஊசியாகப் போடுவார்கள், வலி உயிர் போகும். 1940களில் சல்ஃபோன் மருந்துகளும், அவற்றின் வழியே டாப்சோன் மாத்திரையும் வந்த பிறகு நிலைமை மாறியது. மாத்திரை என்றால் வீட்டிலிருந்தபடியே விழுங்கலாமே!

அதே செங்கல்பட்டு வட்டாரத்தில், பொலம்பாக்கத்துக்கு 1955இல் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் வந்தார். காங்கோவில் பல ஆண்டு தொழுநோய்ப் பணி செய்தவர். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். அவருக்குப் பின் டாக்டர் கிளேர் வெல்லுத் அந்தப் பணியைத் தொடர்ந்தார். வீட்டையும் பள்ளியையும் விட்டுப் பிள்ளை பிரிய வேண்டிய கட்டாயம் இப்படித்தான் தளர்ந்தது.

தேடிப்போகும் வேலைக்குப் பள்ளிக்கூடம் வசதியான இடம். நல்ல பகல் வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு, கை, கால் எல்லாம் பார்ப்பார்கள். வெளிறிய தேமல் இருந்தால் பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொடுவார்கள். தொட்ட இடத்தைப் பிள்ளை விரலால் காட்ட வேண்டும். மற்ற இடங்களைச் சரியாகக் காட்டும் பிள்ளை தேமலை மட்டும் தவறவிட்டால் சந்தேகம் வலுக்கும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் இந்தச் சோதனை எடுபடாது. அவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

1980களில் ரிஃபாம்பிசின் சேர்ந்த கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. தேமல் ஐந்துக்குள் இருந்து, தோல் பரிசோதனையில் கிருமி தென்படாவிட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். 2005 இறுதியில் இந்தியாவில் தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் இறங்கிவிட்டது.

ஆனாலும் புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கை மருத்துவர்கள் விடாமல் பார்க்கிறார்கள். நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும். ஆகவே ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால், சிகிச்சை பெறாத ஒருவர் அண்மைக்காலம் வரை அருகில் இருந்திருக்கிறார் என்று பொருள். அதனால்தான் இப்போது அந்தப் பிள்ளையோடு வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துப் பரிசோதித்து, நோயில்லாதவர்களில் தகுதியுள்ளவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கிறார்கள்.