தோம்பிலிருந்து கூகிள் ஷீட் வரை: தீவகத்து இடாப்புகளின் கதை

தீவகத்தில் இண்டைக்கு ஒரு கோயில் திருவிழா எண்டால் நோட்டீசை அடிக்க அச்சகத்துக்கு ஓட வேண்டியதில்லை. கன்வாவில் ஒரு பிள்ளை அரை மணித்தியாலத்தில் செய்து வட்ஸ்அப்பில் போட்டுவிடும். உபயகாரர் பட்டியல், இளைஞர் மன்றத்தின் வரவு செலவு, வெளிநாட்டிலுள்ள ஊர்ச்சங்கம் அனுப்பின காசின் விபரம் எல்லாம் கூகிள் ஷீட்டில் ஏறுது. தேவாலயம், சைவக் கோயில், சனசமூக நிலையம் எண்ட வித்தியாசம் இதில் இல்லை. கன்வா, கூகிள் இரண்டுமே பதிவுசெய்த தொண்டு நிறுவனங்களுக்கு இலவசத் திட்டம் வைத்திருக்கின்றன. கையில் காசில்லாத சங்கங்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் நாங்கள் இங்கே கேட்பது வேறொரு கேள்வி: இந்தப் பட்டியல்கள் இன்னும் ஐம்பது வருசத்தில் இருக்குமா? அதற்குப் பழைய இடாப்புகளின் கதையைக் கொஞ்சம் பார்க்கவேணும்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடமும், 1658இல் ஒல்லாந்தரிடமும் போனது. ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. பெயரை மாற்றினதோடு நிற்காமல் ஆட்களையும் எழுதினார்கள். தலைக்கு ஒரு தோம்பு, காணிக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தோம்பு. தோம்பு எண்ட சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத் தோம்பை எழுதினவர் அந்த ஊர் உபாத்தியாயர். ஆர் ஞானஸ்நானம் பெற்றது, ஆர் ஆரைக் கலியாணம் முடித்தது, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருது எண்டெல்லாம் அதில் இருந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம். கலியாணம் செல்லுபடியாக ஞானஸ்நானம் தேவைப்பட்டது. அதனால் இடாப்பில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் கனபேர் வாழ்ந்தார்கள். ஓர் இடாப்பு சனத்துக்கு உதவவும் செய்யும், சனத்தைப் பிடித்து வைக்கவும் செய்யும் எண்டதை எங்கட மண் அப்பவே கண்டுவிட்டது.

கத்தோலிக்க திருச்சபைக்கும் நீண்ட பதிவு மரபு உண்டு. கலியாணப் பதிவை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கியது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: வருச முடிவில் பங்குத்தந்தை தன் பதிவேடுகளின் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. இண்டைக்கு நாங்கள் 'பேக்கப்' எண்டு சொல்லுறது இதைத்தான். ஒரு கோயில் எரிந்தாலும், ஊரே இடம்பெயர்ந்தாலும், இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் இருக்கவேணும்.

இதன் அருமை தீவகத்துக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்துறையிலும் வேலணையிலும் இருந்து சனம் பெருந்தொகையாக வெளிக்கிட்டபோது, கையில் எடுத்ததுதான் மிச்சம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்த ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவு ஒரு பிடிமானம். அதில் அவரின்ர பெயரும் தாய் தகப்பன் பெயரும் திகதியும் இருக்கும்.

பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் எண்டதும் எங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகளை எந்தக் காசாலும் திரும்ப வாங்க முடியவில்லை. மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான புரவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. ஊர்காவற்துறைக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் அதைக் கண்டெடுத்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். தூர இடத்தில் ஒரு பிரதி இருந்ததால்தான் அது தப்பியது. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களும் அப்படித்தான். இலங்கை உட்படப் பல நாடுகளில் இருக்கும் அவற்றை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

இப்ப எங்கட கூகிள் ஷீட்டுக்கு வருவம். அது ஆரின்ர ஜிமெயிலில் இருக்குது? பெரும்பாலும் செயலாளரின்ர சொந்தக் கணக்கில். அவர் கனடாவுக்குப் போனால், அல்லது பாஸ்வேர்டை மறந்தால், சங்கத்தின்ர பத்து வருசக் கணக்கும் அவரோடு போகும். இரண்டு வருசம் பாவிக்காத தனியாள் கணக்குகளைக் கூகிள் அழிக்கலாம். அந்தக் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்குது. பெட்டிக்குள் கிடக்கிற கொப்பியை ஆரும் இரண்டு வருசம் திறக்காவிட்டால் கறையான் அரிக்கலாம், அரிக்காமலும் விடலாம். கணக்கு அழிந்தால் அழிந்ததுதான்.

கருவியைக் கைவிடச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கின நூலகம் இணையத்தளத்தையே பாருங்கள். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அது நிற்குது. கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், ஊர்ச்சங்க மலர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்குது. அதைக் கட்டினவர்கள் மாறினாலும் சேகரம் ஓராளின்ர சொத்தாகவில்லை.

ஆகவே பழைய பங்குப் பதிவேட்டின் ஒழுங்கைப் புதுக் கருவிக்குள் கொண்டுவரவேணும். கணக்கு சங்கத்தின்ர பெயரில் இருக்கட்டும், திறப்பு இரண்டு மூன்று பேரிடம் இருக்கட்டும். வருசம் முடிய ஷீட்டை இறக்கி, அச்சடித்து, ஒன்றைக் கோயிலிலும் மற்றதை ஊருக்கு வெளியிலும் வையுங்கள். மலரையும் நோட்டீசையும் நூலகத்துக்கு அனுப்புங்கள். வீட்டு விபரம், வெளிநாட்டுப் பிள்ளைகளின் விபரம், போன் நம்பர் இவற்றை லிங்க் உள்ள எல்லாரும் பார்க்கும்படி விடாதையுங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது பிறகுதான். பட்டியலில் பெயர் ஏறினால் என்ன நடக்கும் எண்ட பயம் எங்கட சனத்துக்கு அதுக்கு முதலே இருந்தது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "செயலாளர் நாளைக்கு இல்லையெண்டால் இடாப்பை ஆர் திறப்பினம்?" பதில் வராட்டில் அண்டைக்கே வேலையைத் தொடங்கலாம்.