மலை வைத்த பெயர்கள்

கிழக்கு, மேற்கு என்னும் பெயர்களை ஒருமுறை மெல்லப் பலுக்கிப் பாருங்கள். கீழ் என்பதன் நெடில் குறுகிக் கிழக்கு ஆயிற்று. மேல் என்பதன் லகரம் றகரமாகி மேற்கு ஆயிற்று. கதிரவன் எழும் பக்கத்துக்குக் ‘கீழ்’ என்றும் விழும் பக்கத்துக்கு ‘மேல்’ என்றும் பெயரிட்டது முறைமாறியதுபோல் தோன்றும். ஆனால் நம் முன்னோர் வானத்தைப் பார்த்து இப்பெயர்களை இடவில்லை. நிலத்தைப் பார்த்து இட்டார்கள். மேற்குமலைத் தொடரிலிருந்து வங்கக் கடல்வரை தமிழ்நிலம் சரிந்தே கிடக்கிறது. காவிரியும் வைகையும் பொருநையும் அச்சரிவைப் பற்றியே ஓடுகின்றன. ஆறு வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ். கால்டுவெல்லும் தம் ஒப்பிலக்கணத்தில் இதைச் சுட்டியிருக்கிறார்.

மதுரையில் கீழமாசி வீதியிலிருந்து மேலமாசி வீதிக்குப் போகிறவர் மேடேறுவதாக நினைப்பதில்லை. ஊருக்குள் வந்ததும் சரிவு மறைந்து திசை மட்டும் நின்றுவிட்டது. மலைக்கு அப்பால் மலையாளத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே மலை நிற்பது கிழக்கில், கடல் கிடப்பது மேற்கில்; ஆயினும் ஏறிப்போக வேண்டிய பக்கத்தை இன்றும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் இடமாக்கிப் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள். சொல் மலை தாண்டிப் போயிருக்கிறது, அது பிறந்த சரிவு இப்பக்கமே நின்றுவிட்டது! இவ்விரு பெயர்களுக்கும் இணையாகப் பழம்பாடல்களில் குணக்கு, குடக்கு என்னும் பெயர்களும் வழங்கின. குணகடல் கீழைக்கடல், குடகடல் மேலைக்கடல். வடக்கும் தெற்கும் வாடை, தென்றல் என்று காற்றாகவும் வந்து நம்மைத் தொடுகின்றன.

திசைகாட்டி என்னும் கருவிப்பெயரில் ‘காட்டி’ நம்முடையது, திசை வடமொழி வழி வந்தது. அதனுள் ஆடும் ஊசியின் காந்தமும் அவ்வழியே வந்தது. ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்பின் காதலன். இரும்பை உதிர்த்துவிட்டுக் காதலனை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். இப்படியொரு கடன்சொல்லை வெறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி மலைமேல் போவோம். முகட்டில் மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது, ‘கீழே இறங்கினால் கிழக்கு, ஓடையைப் பிடித்தால் ஊர்’ என்று நம்பி நடப்பது ஆபத்து. முகட்டின் மறுபுறம் இறங்கினாலும் கீழேதான், ஆனால் அது மேற்கு. ஓடையோ அருவியாகி வழியை அறுக்கும். நீலகிரியில் பிறக்கும் பவானி முதலில் கேரளத்துக்குள் இறங்கி, அங்கே திரும்பிய பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அவ்வாற்றை நம்பி நடப்பவரும் அத்தனை சுற்றும் சுற்றத்தான் வேண்டும்.

அங்கே வரைபடமும் ஊசியுமே துணை. நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் சேர்த்துக் கருவியின் விளிம்பை வரைபடத்தில் பொருத்துங்கள். வட்டைத் திருகி அதன் வடக்குக் கோடுகளை வரைபடத்தின் வடக்கோடு இணையாக்குங்கள். பிறகு கருவியை மார்புக்கு நேராக மட்டமாகப் பிடித்து, ஊசியின் வடமுனை வட்டில் குறித்த வடக்கில் வந்து நிற்கும்வரை உடம்போடு திரும்புங்கள். கருவியின் முன்னம்பு காட்டுவதே வழி. கத்தியும் கைப்பேசியும் அருகில் இருந்தால் ஊசி பிறழும். சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் செங்குத்து. வழி அங்கே போவதாக இருந்தாலும் சுற்றிப் போவதே நன்று. காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் உள்ள விலக்கம் தமிழ்நாட்டில் ஓரிரு பாகைதான்.

மலைவாழ் மக்கள் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் திசைக்கும் வழங்கும் சொற்களை அடுத்த முறை ஏறும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; சொன்னவரின் ஊரையும் மலையின் பெயரையும் அவற்றோடு சேர்த்தே எழுதுங்கள்.