கடைமடைப் பயிரும் உறங்கும் இதயமும்

காவிரியில் நீர் குறைந்து முறை வைக்கும் ஆண்டுகளில், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடைமடைப் பயிர் வாடி நிற்கும். அது கருகிவிட்டதா, தண்ணீர் கண்டால் தெளியுமா என்பதே அப்போது வரப்பில் நிற்பவரின் கவலை. மாரடைப்பு வந்த இதயத்தைப் பார்த்து மருத்துவர் கேட்பதும் ஏறத்தாழ இக்கேள்வியே.

துடிக்காத தசை இறந்த தசை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பம்பாயில் பிறந்து, கராச்சியில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் பணியாற்றிய ஷஹாபுத்தீன் ரஹீம்துலா 1980களில் அக்கருத்தை அசைத்தார். குருதி குறைந்த தசை, தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காத்துக் கிடக்கலாம். ஓட்டம் திரும்பினால் மீண்டும் துடிக்கலாம் என்றார். இதனை இதயத் தசையின் உறக்கநிலை என்கிறார்கள்.

உறங்குவதையும் இறந்ததையும் நெஞ்சைத் திறக்காமல் பிரித்தறிய வழி தந்தது அணு மருத்துவம். 1970களின் நடுவில் தாலியம்-201 புழக்கத்துக்கு வந்தது. உயிருள்ள செல் இதனைப் பொட்டாசியம் போலவே உள்ளே இழுத்துக்கொள்ளும், தழும்பு இழுக்காது. முதற்படத்தில் வெறுமையாகத் தெரிந்த இடம் சில மணி நேரம் கழித்து எடுக்கும் படத்தில் நிரம்பினால், அங்கே உயிர் இருக்கிறது. பின்னர் டெக்னீசியம்-99எம் வந்தது. மாலிப்டினம் அடைத்த கலத்திலிருந்து அதனை நாள்தோறும் வடித்தெடுப்பதைப் பணியாளர்கள் 'பசு கறப்பது' என்பார்கள். நம் ஊராருக்கு விளக்கம் தேவையில்லாத பெயர்!

இதயம் தன் தசைக்குள் பரவிய நாளங்களின் குருதியாலேயே ஊட்டம் பெறுகிறது என்பதை, இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதுகையில் அவரையே மறுத்து, 1242இல் எழுதினார் இப்னு நஃபீஸ். ஆசானை மதித்துக்கொண்டே மறுக்கும் துணிவு நம் மரபில் இருந்தது. இன்றைய படங்கள் காட்டுவதும் அந்நாளங்களின் ஊட்டம் சென்றடைந்த இடங்களைத்தான்.

ஆயினும் படத்தில் உயிர் தெரிந்தாலே அறுவை பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உயிருள்ள தசை இருப்பதை வைத்து, யாருக்கு பைபாஸ் அறுவை கூடுதல் பலன் தரும் என்று பிரித்தறிய முடியவில்லை என்றே 2011இல் வெளிவந்த ஸ்டிச் ஆய்வு கண்டது. ஆகவே அத்தாவின் படத்தைக் கையில் வாங்கும்போது, எவ்வளவு தசை உயிரோடிருக்கிறது என்பதோடு, அறுவையால் இவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் மருத்துவரிடம் கேட்போம். 'அணு' என்ற சொல்லுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். பேரப்பிள்ளையை எப்போது மடியில் வைக்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு திரும்பலாம்.