பகிடி என்று பெயர் வைத்தோம்

பதிவு கொஞ்சம் நீளம். உயர்தரம் முடித்து வளாகத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

1974இல் களனியிலிருந்த வித்தியாலங்கார வளாகத்துக்குப் பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்கள் சிலரை அங்கிருந்த மாணவர்கள் பகிடிவதை செய்தார்கள். விடயம் பெரிதாகி, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் குலரத்ன ஆணைக்குழுவை அமைத்தது. 12 மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக 4 அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த ஆண்டே பேராதனை. இராமநாதன் விடுதியில் சிரேஷ்ட மாணவர்களின் பாலியல் சித்திரவதைக்குத் தப்ப, விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். வயது 22. உடல் செயலிழந்தது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, கடைசியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரில் 'பகிடி' இருக்கிறது! ஆண்கள் விடுதியில் ஆண்தான் ஆணை உடுப்பைக் கழற்றச் சொல்கிறான். பெண்கள் விடுதியில் பெண்தான் பெண்ணைக் கூசவைக்கிறாள். இதில் ஆசைக்கு என்ன வேலை? மேலே நிற்பவர் கீழே இருப்பவருக்கு அவருடைய இடத்தைக் காட்டுகிறார். அதற்கு மிகச் சுலபமான கருவி உடலும் வெட்கமும்தான். நிறுவனங்களுக்குள் பால்நிலையும் வன்முறையும் பற்றி 2001இல் நூல் எழுதிய ஜெஃப் ஹேர்ன், வென்டி பார்க்கின் இருவரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கெட்டவர் யார் என்று தேடுவதோடு நின்றுவிடாமல், நிறுவனம் எவரெவருக்கு அதிகாரம் கொடுக்கிறது, எதைப் பேசாமல் மறைக்கிறது என்றும் கேட்டார்கள். கலாசாலை விடுதியில் இருந்தவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே விளங்கும்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், கடும் பகிடிவதையால் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். இரண்டு மரணங்களுக்கும் பின்னால் சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறைப்பாடு வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார். நமது 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டத்தில் பகிடிவதைக்கு 2 ஆண்டு வரை சிறை, அதில் பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 ஆண்டு வரை. தண்டனை கடுமைதான். ஆனால் தெரிந்தும் பேசாமலிருந்த அதிகாரியைப் பிடிக்கும் பிரிவு இல்லை. 1974இல் செய்து காட்டிய ஒன்றை 1998இல் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அதன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். 2020இல் யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சித் தொழில்நுட்ப பீடத்துப் புதுமுக மாணவிகளைச் சிரேஷ்ட மாணவர்கள் தொலைபேசி வழியாகப் பாலியல் ரீதியில் துன்புறுத்திய செய்தி வந்தது. எங்கள் வெள்ளாங்குளத்துக்குப் பக்கத்து மாவட்டம். விடுதிக் கதவைப் பூட்டி என்ன பயன், கைக்குள்ளேயே வந்துவிட்டதே!

அனுமதி நாளில் பிள்ளையோடு போகிறவர்கள் விடுதிப் பொறுப்பாளரின் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு அவர் எங்கே இருப்பார் என்றும் கேளுங்கள்.