பேர் இல்லாத வேலைக்கு வந்தவங்க: கேம் ஆர்ட்டிஸ்ட்களின் கதை



நமக்கு வர்ற மெசேஜ்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "எனக்கு நல்லா வரைய வரும், கேம் விளையாடவும் பிடிக்கும். ஆனா கேம் ஆர்ட் தான் என் கரியர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" சிலர் இன்னும் பதறிப் போய் எழுதுறாங்க: "எனக்கு 22 வயசு ஆச்சு. எல்லாருக்கும் சின்ன வயசுலயே கனவு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

நான் கரியர் கவுன்சலர் கிடையாது. வரலாறு படிக்கிற ஆளு. அதனால இந்தக் கேள்வியை வரலாறு கிட்டயே கேட்டுப் பார்த்தேன். இந்த வேலையை முதன்முதல்ல செஞ்சவங்களுக்கு இந்த ஆசை எப்போ, எப்படி வந்தது? கிடைச்ச பதில் எனக்கே ஒரு ஆறுதலா இருந்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

படம் வரைய ஆளே தேவைப்படாத காலம்

1972ல அட்டாரி கம்பெனி 'பாங்' கேமை வெளியிட்டது. திரையில என்ன இருக்கும்? ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு, நடுவுல துள்ளுற ஒரு சதுரம், மேல ஸ்கோர். அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு ஒரு ஓவியர்?

1978ல ஜப்பான்ல டைட்டோ கம்பெனியோட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. மேல இருந்து வரிசையா இறங்கி வர்ற அந்த ஏலியன்கள் இன்னைக்கும் டி-ஷர்ட்ல இருக்கு. ஆக்டோபஸ், நண்டு, கணவாய், இந்தக் கடல் உயிரினங்களை வச்சு உருவானதுதான் அந்த உருவங்கள். வரைஞ்சது யாரு? டோமோஹிரோ நிஷிகாடோ. புரோகிராம் எழுதினதும் அவர்தான், அது ஓடுற ஹார்டுவேரை அமைச்சதும் அவர்தான்.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காலத்து மெஷினுக்குப் படம்னா எண்கள்தான். எந்தப் புள்ளி எரியணும், எது அணையணும்னு நினைவகத்துல எழுதி வைக்கணும். அந்த எண்களை எழுதத் தெரிஞ்சவர் கையிலதான் பென்சிலும் இருந்தது. அதனால 'நான் பெரியவனாகி கேம் ஆர்ட்டிஸ்ட் ஆவேன்'னு 1970ல எந்தக் குழந்தையும் சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒரு வேலையே அப்போ கிடையாது.

மீசை எதுக்கு வந்தது?

1977ல ஷிகேரு மியாமோட்டோ நின்டெண்டோல வேலைக்குச் சேர்ந்தார். கனாசாவா கலைக் கல்லூரியில தொழில்சார் வடிவமைப்பு படிச்சவர். அவருக்கு முதல்ல இருந்த ஆசை மாங்கா வரையுறது. நின்டெண்டோ அப்போ சீட்டுக்கட்டுல ஆரம்பிச்சு பொம்மை, விளையாட்டுச் சாமான் பக்கம் வந்திருந்த ஒரு கியோட்டோ கம்பெனி. அதோட தலைவர் ஹிரோஷி யமாவுச்சிக்கு மியாமோட்டோவோட அப்பாவைத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா பழக்கம். அந்த வழியிலதான் இண்டர்வியூ கிடைச்சது. ஆமாங்க, சிபாரிசுதான்! மியாமோட்டோ தான் செஞ்ச பொம்மை மாதிரியான பொருட்களைக் கொண்டு போய்க் காட்டினார். வேலை கிடைச்சது.

அடுத்து நடந்தது ஒரு வியாபாரத் தோல்வி. 'ரேடார் ஸ்கோப்'னு ஒரு ஆர்கேட் கேமை நின்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்பினது, ஓடலை. சுமார் 2,000 மெஷின்கள் விற்காம கிடங்குல தூங்குச்சு. அதே மெஷினுக்குள்ள புதுசா ஒரு கேம் போட்டு எப்படியாவது வித்தாகணும். அந்தப் பொறுப்பு மியாமோட்டோகிட்ட வந்தது. 1981ல 'டாங்கி காங்' பிறந்தது. அதுல குதிச்சு ஏறுற தச்சருக்கு அப்போ பேரு 'ஜம்ப்மேன்'. பின்னாடிதான் அவர் மாரியோ ஆனார்.

இப்போ அந்த முகத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. மொத்த ஆளுக்கும் கிடைச்ச இடம் சுமார் 16-க்கு 16 கட்டம். அதுல வாய் வரைஞ்சா தெரியாது. அதனால பெரிய மூக்கு, கீழ ஒரு மீசை. முடி வரைஞ்சா, குதிக்கும்போது அதுவும் அசையணும். அதுக்குப் பதிலா ஒரு தொப்பி. ஓடும்போது கை அசையுறது தெரியணும்னா கையும் உடம்பும் வேற வேற நிறத்துல இருக்கணும். அதனால ஓவரால்ஸ்.

வாசல்ல புள்ளிக்கோலம் போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். புள்ளியை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. இருக்கிற புள்ளிக்குள்ள வளைச்சுத்தான் மயிலைக் கொண்டு வரணும்.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது ஒண்ணுதான். மாங்கா வரையணும்னு இருந்தவர், மாங்காவுக்குச் சம்பந்தமே இல்லாத இந்தக் கட்டங்களுக்குள்ள தன் வேலையைக் கண்டுபிடிச்சார். வேலை முதல்ல வந்தது. ஆசை அதுக்குள்ள இருந்து வளர்ந்தது.

எகிப்தா, விளம்பரமா?

இன்னைக்கு நான் உண்மையிலேயே பேச வந்தது இன்னொருத்தரைப் பத்தி. ரியேகோ கொடாமா. மாரியோவைத் தெரிஞ்ச அளவுக்கு இவங்களை நமக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்.

1963ல யோகோசுகா நகரத்துல பிறந்தாங்க. அவங்களுக்குப் பழங்கால எகிப்து, தொல்லியல் மேல ஒரு ஈர்ப்பு. இன்னொரு பக்கம் கிராஃபிக் டிசைன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுல தேறலை. ஒரு தொழிற்பள்ளியில விளம்பர வடிவமைப்பு படிச்சாங்க. 1984ல சேகா கம்பெனிக்கு வந்தாங்க. 'ஃபிளிக்கி' கேமோட ஓவியர் யோஷிகி கவாசாகி பக்கத்துல இருந்து வேலை கத்துக்கொடுத்தார்.

இந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. வேலைவாய்ப்புல ஆண், பெண் சமத்துவத்துக்கான சட்டம் ஜப்பான்ல நிறைவேறினது 1985ல. அமலுக்கு வந்தது 1986ல. கொடாமா சேர்ந்தது அதுக்கும் முன்னாடி.

ஆள் குறைவு, கேம் நிறைய. 'சாம்பியன் பாக்ஸிங்'ல ஆரம்பிச்சு, ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்ததுன்னு அவங்க கைக்கு வேலை வந்துக்கிட்டே இருந்தது. இன்னைக்கு நாம 'போர்ட்ஃபோலியோ ரெடி பண்ணிட்டு அப்ளை பண்றேன்'னு சொல்றோம். அவங்களுக்கு வேலை செஞ்சதுதான் போர்ட்ஃபோலியோ ஆச்சு.

1986ல எனிக்ஸ் கம்பெனியோட 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானையே ஆட்டி வச்சது. சேகாவுக்கும் அப்படி ஒரு ரோல்-பிளேயிங் கேம் தேவைப்பட்டது. அப்படி 1987 டிசம்பர்ல வந்ததுதான் 'ஃபேன்டஸி ஸ்டார்'. பின்னாடி 'சோனிக்'கை புரோகிராம் பண்ணப் போற யூஜி நாகா இதுல புரோகிராமர். பாத்திரங்களோட வடிவம், சண்டைக் காட்சிகளோட பின்னணி, இதெல்லாம் கொடாமா. கதையோட நாயகி ஆலிஸ்னு ஒரு இளம்பெண். கொல்லப்பட்ட அண்ணனுக்காகக் கத்தியைக் கையில எடுக்கிறவ. இளவரசியைக் காப்பாத்துற கேம்கள் குவிஞ்சு கிடந்த காலத்துல, இந்தப் பெண்ணை யாரும் காப்பாத்த வேண்டியிருக்கலை.

திரையில யார் பேரு?

சரி, அந்த கேமோட கிரெடிட்ஸ்ல கொடாமா பேரைத் தேடினா கிடைக்காது. 'ஃபீனிக்ஸ் ரீ'ன்னு இருக்கும். அவங்களேதான்.

அன்னைக்கு ஜப்பானிய கேம் கம்பெனிகள்ல இது சாதாரணம். திறமையான ஆளோட பேரு வெளியில தெரிஞ்சா, போட்டிக் கம்பெனி கொத்திக்கிட்டுப் போயிடும்னு பயம். அதனால புனைப்பேர், இல்லைன்னா பேரே கிடையாது. அமெரிக்காவுலயும் இதே கதைதான். அட்டாரி தன் ஆட்களோட பேரைப் போடாததால, வாரன் ராபினெட் தன்னோட 'அட்வென்ச்சர்' கேமுக்குள்ள ஒரு ரகசிய அறை கட்டி, அதுல தன் பேரை ஒளிச்சு வச்சார். இன்னைக்கு நாம 'ஈஸ்டர் எக்'னு ஜாலியாச் சொல்ற விஷயத்தோட புகழ்பெற்ற ஆரம்பமே, ஒருத்தர் தன் உழைப்புக்குக் கீழ கையெழுத்துப் போட ஆசைப்பட்டதுதான்.

யோசிச்சுப் பாருங்க. வேலைக்குச் சரியான பேரில்லை. செஞ்சவங்க பேரும் வெளியில வரலை. அப்புறம் எந்தச் சின்னப் பொண்ணு அதைப் பார்த்து 'நானும் இவங்களை மாதிரி ஆகணும்'னு ஆசைப்பட முடியும்? ஒரு கனவு அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரணும்னா, முதல்ல அதுக்கு ஒரு முகமும் பேரும் வேணும்.

கொடாமா அந்த வேலையை விடலை. 1991ல வந்த முதல் 'சோனிக்' கேமோட ஓவியத்துல அவங்க கை இருக்கு. 'ஃபேன்டஸி ஸ்டார் 4'ஐ இயக்கினாங்க. 2000ல 'ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா'வைத் தயாரிச்சாங்க. வானத்துல கப்பல்கள் மிதக்க, தொலைஞ்சு போன நாகரிகங்களோட மிச்சங்களைத் தேடிப் போற கதை அது. எகிப்து மேல ஆசைப்பட்ட அந்தப் பொண்ணு அங்க எனக்குத் தெரியுறாங்க. இது என் வாசிப்பு மட்டும்தான். ஆனா கைவிட்டதா நாம நினைக்கிற ஆசைகள் சும்மா போயிடுறதில்லைன்னு நான் நம்புறேன்.

2019ல கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டுல அவங்களுக்கு முன்னோடி விருது கொடுத்தாங்க, சொந்தப் பேர்ல.

அப்போ நமக்கு?

இன்னைக்கு அந்த வேலைக்குப் பேரு இருக்கு. ஒண்ணு இல்ல, டஜன் கணக்குல: கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட், கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட், யூஐ ஆர்ட்டிஸ்ட். 2023ல டொரோன்டோல இருந்து 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையலறைக் கதை. அதுல இட்லி செய்யுறதே ஒரு புதிர். அந்த இட்லிப் பானையை வரையுறது இன்னைக்கு ஒருத்தரோட வேலை!

ஆனா பேரு வந்ததோட ஒரு பாரமும் வந்திருக்கு. வேலைக்குப் பேரு இருக்கிறதால, ஆசையும் ரெடிமேடா இருக்கணும்னு நாம எதிர்பார்க்கிறோம். இந்த வேலையை உருவாக்கினவங்களுக்கே அது ரெடிமேடா வரலை. ஒருத்தர் மாங்கா பக்கம் இருந்து வந்தார், இன்னொருத்தர் எகிப்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவுல இருந்து வந்தாங்க. கை வேலையில பட்ட பிறகுதான் மனசு பின்னாடியே வந்தது.

அதனால அந்த 22 வயசு நண்பருக்கு என் பதில் இதுதான். ஒரு நோட்டுல 16-க்கு 16 கட்டம் போடுங்க. அதுக்குள்ள உங்க பாட்டியைக் கொண்டு வாங்க. மூக்குத்தி தெரியணும், கொண்டை தெரியணும், நடக்கிறது அவங்கதான்னு தெரியணும். பத்து தடவை தப்பாகும். பதினோராவது தடவையும் அழிச்சுட்டுத் திரும்பப் போடத் தோணுதான்னு மட்டும் பாருங்க.

கொடாமா 2022 மே 9 அன்னைக்கு, 58 வயசுல இறந்துட்டாங்க. உலகத்துக்கு அது உடனே தெரியலை. அந்த அக்டோபர்ல சேகா 'மெகா டிரைவ் மினி 2' கன்சோலை வெளியிட்டது. அதோட கிரெடிட்ஸைப் பார்த்துக்கிட்டு இருந்த ரசிகர்கள்தான் முதல்ல கவனிச்சாங்க. திரையில ஒரு அஞ்சலி. அதுல புனைப்பேர் இல்ல. ரியேகோ கொடாமான்னே எழுதியிருந்தது.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே.